யாருக்கு எடுத்தீங்க?

தொலைபேசியைக் காதில் வைத்தால் அக்கா முதலில் வாய் திறக்க மாட்டார். ஹலோ இல்லை, வணக்கம் இல்லை. மற்றப் பக்கத்தில் இருப்பவர் இரண்டு தரம் ஹலோ சொல்லி, லைன் வெட்டுப்பட்டுவிட்டதோ என்று தடுமாறும் நேரத்தில்தான் கேள்வி வரும்.

"யாருக்கு எடுத்தீங்க?"

தன் பெயரைக் கேட்டால் சொல்ல மாட்டார். யாரைத் தேடி எடுத்தீர்களோ அவருடைய பெயரை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்பார். கொமினிகேசன் கடை வைத்துப் பிழைக்கிற மனுசி இப்படிக் கதைத்தால் கடைக்கு எவன் வருவான் என்று நான் எத்தனையோ தரம் தலையில் அடித்திருக்கிறேன். ஆனால் மட்டக்களப்புக் கல்லடியில் கூட்டம் அந்தக் கடைக்குத்தான். வெளிநாட்டுக்குக் கதைக்க, போட்டோக்கொப்பி அடிக்க, பிறகு இரண்டு கொம்பியூட்டர் வந்ததும் ஈமெயில் பார்க்க என்று காலையிலிருந்து சனம் நிற்கும்.

அந்தக் கடையின் முன்பாதியில் நான் தையல் மெசின் போட்டிருந்தேன். கடல் ஊருக்குள் ஏறி வந்த வருடம் என்னுடைய வீடும் மெசினும் போய், ஒரு நிறுவனம் புது மெசின் தந்தது. வைப்பதற்கு இடம் இல்லை. வாடகையைப் பாதி பாதியாகக் கட்டுவோம் என்று அக்காதான் கூப்பிட்டார். இரண்டு கடைக்கும் நடுவில் சுவர் கிடையாது. நான் தைத்துத் தொங்கவிட்ட சீத்தைத் துணித் திரை மட்டும்தான். ஆகவே அந்தப் பக்கம் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். ஒட்டுக் கேட்டாய் என்று யாரும் சொல்ல வேண்டாம். திரை மெல்லிசு, நான் என்ன செய்ய?

அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

போனில் பெயர் சொல்லாத பழக்கம் எங்கள் பக்கத்தில் அவருக்கு மட்டும் இருந்ததில்லை. சண்டை நடந்த அந்த நாட்களில் வீட்டுக்குப் போன் எடுத்து, மகன் இருக்கிறானா, எத்தனை மணிக்கு வருவான் என்று பக்குவமாகக் கேட்பார்கள். தெரிந்த குரல் மாதிரி இருக்கும். பதில் சொன்ன தாய்மார் பிறகு வாழ்நாள் முழுக்க அழுதிருக்கிறார்கள். அதனால் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் சந்தேகப் பிராணிகள்தான். அக்கா மட்டும் அதை ஒரு தொழில் போலச் செய்தார். நம்ப நட, நம்பி நடவாதே என்ற பழமொழியைச் சிலர் சொல்லுவார்கள். இவர் சொல்லவே மாட்டார், நடந்து காட்டுவார்.

கொம்பியூட்டரில் யாராவது பாஸ்வேர்ட் அடிக்கும்போது அக்கா எழும்பிச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பார். சுவரில் ஒரு கலண்டர். மாதக் கணக்கில் ஒரே தாளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு பிஸ்கட் பெட்டியை வெட்டி ஒவ்வொரு மெசினுக்கும் ஒரு மறைப்புச் செய்தார். எனக்குக் கட்டாரில் இருக்கும் தம்பியோடு கதைக்க ஒரு ஈமெயில் திறந்து தந்தவரும் அவர்தான். பாஸ்வேர்டாக நான் தையல் மெசின் கம்பனியின் பெயரை வைத்தேன். இரண்டு நாளில் அதைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டார். காலையிலிருந்து பின்னேரம் வரை உன் கண்ணுக்கு முன்னால் இருக்கிற பெயர் அது ஒன்றுதானே என்று சொல்லி, என்னை இருத்தி மாற்ற வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. கோபம் எனக்கு எப்போதும் வரும், அது வேறு கதை.

ஒரு ஓய்வுபெற்ற ஓவசியர் இருந்தார். நாளுக்கு ஒரு தரம் ஈமெயில் பார்க்க வருவார். ஒருநாள் வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசி, கலியாணத்துக்குப் போகிற மாதிரி வந்தார். இங்கிலாந்தில் அவருக்கு லொத்தர் விழுந்திருக்கிறதாம். கடிதத்தை அச்சடித்துத் தரச் சொன்னார். அக்கா அச்சடித்துக் கொடுத்துவிட்டு, ஐயா எப்போது சீட்டு வாங்கினீர்கள் என்று கேட்டார். வாங்கவில்லை என்றார் அவர். வாங்காத சீட்டு எப்படி விழும் என்று அக்கா கேட்க, ஓவசியருக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது. பொறாமை பிடித்த மனுசி என்று என்னிடம் சொல்லிவிட்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் டவுனில் ஒரு கடைக்குப் போய்விட்டார். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார். வேட்டி அதேதான், ஆள் பாதியாக இருந்தார். அக்கா கதிரையை இழுத்துப் போட்டு, மறைப்பைச் சரிசெய்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானாக இருந்தால் சும்மா விட்டிருப்பேனா?

ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கும் வாயில்லை. ஏனென்றால் அதற்கு முதல் நானும் விழுந்தவள்.

எனக்கு வந்தது போன். உங்கள் நம்பருக்குப் பெரிய பரிசு விழுந்திருக்கிறது, உறுதிப்படுத்த, போனுக்குக் காசு ஏற்றுகிற ரீலோட் காட் ஐந்து வாங்கிச் சுரண்டி நம்பரை வாசியுங்கள், அறிவிப்பு வரும்வரை ஒருவருக்கும் சொல்லாதீர்கள் என்று ஒரு பிள்ளை தேன் மாதிரிக் கதைத்தது. நான் திரையை நீக்கி அக்காவிடமே ஐந்து காட் வாங்கினேன். யாருக்கு என்றார். தம்பிக்கு என்று பொய் சொன்னேன். பிறகு மேசைக்குக் கீழே, துணிக் குவியலுக்குள் தலையை விட்டுக்கொண்டு, கத்தரிக்கோல் நுனியால் சுரண்டிச் சுரண்டி நம்பர்களைக் குசுகுசுவென்று வாசித்தேன். நாலாவது காட் முடியும்போது திரை விலகியது. அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி, யாருக்கு எடுத்தீங்க என்று கேட்டார். அந்தத் தேன் குரல் உடனே வெட்டிவிட்டது.

என்னை ஏசுவார் என்று பார்த்தேன். ஏசவில்லை. என் பக்கத்தில் துணிக்கு மேலேயே உட்கார்ந்தார்.

"ஒருவருக்கும் சொல்லாதீங்க எண்டு சொன்னானா?"

"அது பொம்புளப் புள்ள. ஓம், சொன்னா."

"அப்பவே கள்ளர் எண்டு தெரிஞ்சிரிக்கணும். திரைக்கு அங்கால நான் இரிக்கன். என்னட்ட ஏன் கேக்கல்ல தெரியுமா? நான் இல்லெண்டு சொல்லிருவன் எண்டு உனக்குத் தெரியும். பரிசு போயிருமே எண்டு பயம்."

அது என்னைச் சுட்டது. ஏமாந்ததைவிட அதுதான் சுட்டது. அது உண்மை. மனுசர் ஏமாறும்போது தடுக்கக்கூடிய ஆளிடம்தான் முதலில் ஒளிக்கிறார்கள். மிச்சம் இருந்த ஐந்தாவது காட்டைத் தம்பிக்கே போன் எடுத்துப் பாவித்தேன்.

சண்டை முடிந்த வருடம் கடையின் கூட்டம் மாறியது. ஈமெயில் பார்க்கிற இளம் சனம் போய், போட்டோக்களோடு தாய்மார் வந்தார்கள். பிள்ளையின் பள்ளிக்கூடப் போட்டோ, அடையாள அட்டையின் பிரதி, ஞானஸ்நானத் துண்டு, எதைக் கொண்டுவந்தாலும் ஒன்பது கொப்பி. காணாமல் போனவர்களைப் பதிகிற இடம் அப்போது ஊரில் அத்தனை இருந்தது. எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அக்காவே படிவம் நிரப்பிக் கொடுப்பார். அதற்குக் காசு வாங்க மாட்டார். கொப்பிக்கு மட்டும்தான்.

படிவங்கள் போகத் தொடங்கி ஒரு மாதத்தில் போன்கள் வரத் தொடங்கின. உங்கள் பிள்ளை ஒரு முகாமில் இருக்கிறான், நான் அங்கே வேலை செய்கிறேன், காட் நம்பர் அனுப்பினால் கதைக்க விடுகிறேன் என்று. வீட்டில் போன் இல்லாத பலர் படிவத்தில் கடை நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். ஆகவே கள்ளர் அக்காவிடம்தான் வந்து முட்டினார்கள்.

முதல் ஆளை அக்கா பிடித்தது ஒரே கேள்வியில். எங்கள் தெருவில் ஒரு கிழவர். அவருடைய தங்கச்சி மகன் காணாமல் போனவன். ஒருவன் எடுத்து, மாமா நான்தான், தப்பி வந்துவிட்டேன், குரல் மாறியிருக்கும், காய்ச்சல் என்று அழுதான். அக்கா போனை வாங்கி, தம்பி உங்கட குடி என்ன என்று கேட்டார். மற்றப் பக்கம் கொஞ்சம் தடுமாறிவிட்டு, அப்பாவுடைய குடிதான், வேறு என்ன என்றது. அக்கா போனை வைத்துவிட்டார்.

மட்டக்களப்பில் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழிதான் வரும். கோயிலில் எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பாலோடு தெரியும். தகப்பனுடைய குடியைச் சொல்லுகிறவன் இந்த மண்ணில் பிறந்தவனே இல்லை. கிழவர் முதலில் அழுதார், பிறகு சிரித்தார், பிறகு திரும்பவும் அழுதார். அக்காவுக்கு அன்று ஒரு பெருமை. திரைக்கு இந்தப் பக்கம் வந்து எனக்கு ஒரு பிளேன்டீ ஊற்றித் தந்தார். அதற்குப் பிறகு நிரப்புகிற ஒவ்வொரு படிவத்திலும், வேறு அடையாளங்கள் என்ற இடத்தில் குடி, கோயில், வீட்டில் கூப்பிடும் பெயர், உடம்பில் உள்ள தழும்பு எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதினார். ஒரே பெயரில் நூறு பிள்ளைகள் இருக்கிறார்கள், இப்படி எழுதினால்தான் சரியான ஆளைப் பிடிப்பார்கள் என்று சொன்னார்.

உன்னிச்சைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் வருவார். நாங்கள் மாமி என்று கூப்பிடுவோம். வயல் வட்டையில் கூலிக்கு நெல் வெட்டுகிறவர். ஒரே மகன். வன்னிக்கு உழவு மெசின் ஓட்டப் போனவன், கடைசிச் சண்டைக்குப் பிறகு சத்தம் இல்லை. அவருடைய படிவத்தையும் அக்காதான் நிரப்பினார். ஒன்பது இடத்துக்கும் மாமியைக் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்ததும் அவர்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த மகனுக்காகப் போன் வந்தது. ஆள் அமைதியாகக் கதைத்தான். அவசரம் காட்டவில்லை. மகனின் பெயர், ஊர், வீட்டில் கூப்பிடும் பெயர், எல்லாம் சரி. அக்கா குடி கேட்டார். குடியும் சொன்னான். தாயின் குடிதான். கோயிலும் சொன்னான். வியாழக்கிழமை பத்து மணிக்குத் தாயை வரச் சொல்லுங்கள், காட் வாங்கி வைத்திருங்கள், பிள்ளைக்குச் சுகமில்லை, பிந்தினால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்றான்.

போனை வைத்த பிறகு அக்கா வெகுநேரம் கொப்பி மெசினுக்கு முன்னால் நின்றார். மெசினில் பேப்பர் இல்லை. நிரப்பவும் இல்லை.

"அக்கா, குடி சொல்லிட்டானா?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டான்."

உன்னிச்சை பஸ் கொண்டக்டரிடம் மாமிக்குச் செய்தி சொல்லி விட்டார். என்ன செய்தி என்று கேட்டேன். வரச் சொல்லி மட்டும் விட்டதாகச் சொன்னார். ஆனால் மறுநாள் முழுக்க அவர் ஓரிடத்தில் இருக்கவில்லை. கடை வாசலுக்கும் மேசைக்கும் நடந்தார். ஒரு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய மிச்சக் காசை இரண்டு தரம் கொடுத்தார். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது, நான் கேட்காமலே ஒரு கதை சொன்னார். கடல் வந்த மூன்றாம் நாள் யாரோ ஒருவர் போன் எடுத்து, அக்காவின் காணாமல் போன தங்கை ஓர் ஆசுபத்திரியில் இருப்பதாகச் சொன்னாராம். கள்ளர் இல்லை, பாவம், நல்ல மனுசன்தான், ஆளை மாறிப் பார்த்துவிட்டார். அக்கா அடித்துப் பிடித்துப் போய்ச் சேர ஒரு நாள் எடுத்தது. கட்டிலில் கிடந்தது வேறு பிள்ளை.

"ஆனா புள்ள, வழியில ஒரு கடையில இறங்கிச் சோறு திண்டன். மூணு நாளைக்குப் பிறகு அண்டைக்குத்தான் திண்டன். பொய்யெண்டாலும் அந்தச் சோறு இறங்கிச்சு."

நான் தையலை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அக்கா கோப்பையைக் கழுவப் போய்விட்டார். எனக்கு இந்த மனுசியே நம்பப் போகிறாரா என்று பயம். நம்பாமல் விட்டுவிடுவாரோ என்றும் பயம். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்தேன், பிறகு பிரித்தேன்.

வியாழக்கிழமை மாமி ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். காதில் தோடு இல்லை, காசு தேவைப்படும் என்று அடகு வைத்துவிட்டு வந்திருந்தார். கொண்டக்டர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும், மகனைப் பற்றிய செய்தி என்று தானாகவே ஊகித்துச் சொல்லியிருக்கிறான். நல்ல சீலை கட்டியிருந்தார். கையில் ஒரு சொப்பின் பை, அதற்குள் எள்ளுருண்டை. மகனுக்கு அனுப்பலாமா என்று கேட்டார்.

பத்து மணிக்குப் போன் அடித்தது. அக்கா லவுட் ஸ்பீக்கரில் போட்டார். நான் திரைக்கு இந்தப் பக்கம் மெசின் சில்லைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமி கேட்டது ஒன்றே ஒன்றுதான், சாப்பிடுகிறானா என்று. கஞ்சி குடிக்கிறான் அம்மா, உங்களைத்தான் கேட்கிறான் என்றான் அவன். மாமியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. அக்கா மேசை லாச்சியைத் திறந்தார். காட் கட்டு மேசையில் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கடவுளே, கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

கொடுக்கவில்லை. கட்டுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு இன்னும் ஒன்று கேட்டார்.

"புள்ளைக்கு உடம்பில தழும்பு ஏதும் இரிக்கா?"

"இருக்கு. மண்வெட்டி வெட்டின தழும்பு. இடது முழங்காலுக்குக் கீழே."

நான் திரையை விலக்கினேன். மாமியின் கை தன்பாட்டில் அவருடைய முழங்காலைத் தொட்டது. வலது முழங்கால்.

"வலது," என்றார் மெதுவாக. உடனே தானே அதற்குச் சமாதானமும் சொன்னார். "பரவால்ல புள்ள. முன்னுக்கு நிண்டு பாக்கிறவனுக்கு வலது இடதாத் தெரியும்தானே. கேட்டது போதும். அதக் குடு."

அவர் சொன்னது நியாயம்தான். முன்னால் நின்று பார்க்கிறவனுக்கு மாறித்தான் தெரியும். அக்கா அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் காட் போயிருக்கும், ஒருவரும் அக்காவைக் குற்றம் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். ஆனால் அவர் எழும்பி அலுமாரியிலிருந்து கோப்பு ஒன்றை எடுத்தார். அதற்குள் மாமியின் படிவத்தின் கொப்பி. வாசித்துப் பார்த்தார். ஒரு தரம், இரண்டு தரம். போன் அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்றது. அக்கா அதை வெட்டிவிட்டுக் கடதாசியை என்னிடம் நீட்டினார்.

"மாமி என்னை நம்ப மாட்டா. நீ வாசி."

வாசித்தேன். அக்காவின் வடிவான, அச்சு மாதிரி எழுத்து. இடது முழங்காலின் கீழ் மண்வெட்டித் தழும்பு.

"நான்தான் மாமி பிழையா எழுதினன்," என்றார் அக்கா. "நீங்க முன்னுக்கு இரிந்து உங்கட காலத் தொட்டுக் காட்டினீங்க. எனக்கு மாறித் தெரிஞ்சிரிக்கி. அவன் புள்ளையப் பாக்கல்ல. இந்தக் கடதாசியத்தான் பாத்திரிக்கான்."

மாமி எள்ளுருண்டைப் பையை மடியில் வைத்து அதன் வாயை முறுக்கிக்கொண்டே இருந்தார். கத்துவார், மண்ணை அள்ளித் தூற்றுவார் என்று நான் எதிர்பார்த்தேன். வந்தது அதைவிட மோசமான கேள்வி.

"அப்ப ஒம்பது இடத்திலயும் இடது எண்டா இரிக்கி?"

"ஓம் மாமி."

"அவன் எங்கயாவது உசிரோட கிடந்து, ஆராவது இதப் பாத்து, இவனுக்குத் தழும்பு மற்றக் காலில, இவன் இல்ல எண்டு சொல்லியிரிந்தா?"

கள்ளனைப் பிடித்துவிட்டோம் என்ற நினைப்பு என் மனதில் வந்த வேகத்திலேயே போய்விட்டது.

பகலில் பூட்டாத கடையை அக்கா அன்று பூட்டினார். மேசையைச் சுற்றி வந்து, மாமியை எழுப்பி, அவருக்குப் பக்கத்தில் அதே திசையைப் பார்த்து நின்றுகொண்டார். குனிந்து மாமியின் காலைத் தன் கையால் தொட்டு, இதுவா என்று கேட்டார். மாமி ஓம் என்றார். பிறகு இருந்து ஒரு கடிதம் எழுதினார். தாய் சொன்னது சரி, எழுதிய நான்தான் பிழை விட்டேன், தழும்பு வலது காலில் என்று. கீழே தன் முழுப் பெயர், அடையாள அட்டை நம்பர், வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. காணாமல் போனவர்களின் காரியத்தில் அப்படிப் பெயர் விலாசம் கொடுத்து ஒன்பது இடத்துக்கு அனுப்புகிற காலமா அது? யாராவது தேடி வந்தால் என்ன செய்வாய் என்று சண்டை பிடித்தேன். பெயரை மட்டும் எழுது, நம்பரை விடு என்று கெஞ்சியும் பார்த்தேன்.

"பேர் இல்லாத கடிதத்த நான் நம்புவனா? அவனுகள் மட்டும் ஏன் நம்பணும்?" என்று சொல்லிக் கொப்பி மெசினைப் போட்டார்.

ஒன்பது இடத்துக்கும் இருவருமாகப் போனார்கள். ஆறு இடத்தில் பக்கத்தில் இருந்து திருத்த விட்டார்கள். இரண்டு இடத்தில் கோப்பு கொழும்புக்குப் போய்விட்டது, கடிதத்தை வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். ஓர் இடத்தில், ஒரு கால்தானே அம்மா, இதற்கு இவ்வளவு தூரமா என்று ஒரு பொடியன் சிரித்தானாம். அக்கா அவன் திருத்தி முடிக்கும்வரை அந்த வாசலில் இரண்டு நாள் இருந்தார்.

படிவம் எப்படி வெளியே போனது என்பதற்கு விடை கடைக்குள்ளேயே கிடந்தது என்று அக்கா நினைத்தார். கொப்பி அடிக்கும்போது கறுத்துப் போகிற, கோணலாக விழுகிற தாள்களை ஒரு பெட்டியில் போட்டு வைத்து, பாலத்தடியில் கச்சான் கடலை விற்கிறவனுக்குச் சும்மா கொடுப்பது வழக்கம். அவன் அதைச் சுருட்டிக் கடலை போடச் சரை சுற்றுவான். எல்லோருடைய பாஸ்வேர்டுக்கும் சுவரைப் பார்த்து நின்ற மனுசி, அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு நாளும் நினைக்கவில்லை. ஓடிப்போய் அவனிடம் இருந்த தாள் முழுவதையும், சுற்றி வைத்த சரைகளையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு கிழமை நாங்கள் கச்சான் தின்றோம். பிரித்த தாள்களில் பிள்ளைகளின் முகங்கள் இருந்தன. எல்லாவற்றையும் கடைக்குப் பின்னால் எரித்தார். அதுதான் வழியா, வேறு எங்கேயாவது போனதா என்று இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு கள்ளர் குறையவில்லை, கூடினார்கள். ஒன்பது இடத்திலும் இப்போது அக்காவின் சொந்தப் பெயரும் நம்பரும் இருந்ததல்லவா? பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். இரண்டு தரம் யாரோ வந்து, இந்தப் பிள்ளை உனக்கு என்ன முறை என்று விசாரித்துவிட்டும் போனார்கள். நம்பரை மாற்று அக்கா என்று நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். மாற்றவில்லை. முன்பெல்லாம் இரண்டாவது சொல்லிலேயே போனை வைத்துவிடுகிறவர், இப்போது ஒவ்வொரு பொய்யனையும் கடைசிவரை பேச விட்டார். கதிரையில் நேராக இருந்து, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் சொல்லச் சொல்ல எழுதுவார். காட் கேட்கிற இடம் வரும்வரை பொறுமையாகக் கேட்பார். கேட்டதும் வைத்துவிட்டு, எழுதிய தாளைக் கிழிப்பார். எனக்கு அந்தக் கிழிக்கிற சத்தத்தைத் தாங்க முடியாமல் மெசினை வேகமாக மிதிப்பேன். பிறகு நான் கலியாணம் கட்டித் தன்னாமுனைக்குப் போகும்வரை அந்தச் சத்தத்தோடுதான் தைத்தேன்.

மாமி மாதத்தில் ஒருநாள் வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்.

"எடுத்தாங்களா புள்ள?"

"எடுத்தாங்க மாமி. ரெண்டு பேர். ரெண்டும் பொய்."

மாமி தலையாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார். தண்ணீர் குடிப்பார். பஸ்ஸுக்கு எழும்பும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தரமும் ஒரே சொல்லைத்தான் சொல்லிவிட்டுப் போவார்.

"பொய்யெண்டாலும் வாற போன் எடுக்காம மட்டும் விட்டிராத."